ஒரே கடற்கன்னி, இரண்டு கடல்: கார்ட்டூன் படத்தையும் அதன் ரீமேக்கையும் ஒப்பிடுவது எப்படி?

ஒரு பழைய கார்ட்டூன் படத்தை ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்தால், பார்த்தவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் "பழசு போல வராது" என்பதுதான். சிலர் "இல்லை, இதுதான் நல்லாயிருக்கு" என்பார்கள். இரண்டும் ரசனை, பிழையில்லை. ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. திருகோணமலையில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கிற பிள்ளைகளும், இங்குள்ள வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிறவர்களும் இப்படியொரு ஒப்பீட்டை எழுத உட்காரும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். "கதை ஒன்றுதான், சில இடங்களை மாற்றியிருக்கிறார்கள்" என்று தொடங்கி, மாறிய இடங்களை வரிசையாக எழுதி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு மாற்றத்திடமும் "நீ ஏன் வந்தாய்?" என்று கேட்டால் கட்டுரை தானாக நடக்கும். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

உதாரணத்துக்கு டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தை எடுப்போம். கடற்கன்னிக் கதை என்பதால், கடலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதைப் பற்றிப் பேச உரிமை கொஞ்சம் கூட. கார்ட்டூன் 1989இல் வந்தது. ரொன் கிளெமென்ட்ஸ், ஜோன் மஸ்கர் இருவரும் இயக்கினார்கள். 2023இல் ரொப் மார்ஷல் அதை நடிகர்களை வைத்து எடுத்தார். ஏரியலாக நடித்தவர் ஹாலி பெய்லி. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கடலரசனின் கடைசி மகள் ஏரியலுக்குக் கரையில் வாழும் மனிதர்களின் உலகத்தின் மேல் தீராத ஆசை. புயலில் மூழ்கப்போன இளவரசன் எரிக்கைக் காப்பாற்றுகிறாள். பிறகு கடல் சூனியக்காரி உர்சுலாவிடம் தன் குரலைக் கொடுத்துக் கால்களை வாங்குகிறாள். மூன்று நாளுக்குள் இளவரசன் உண்மையான அன்போடு அவளை முத்தமிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் சூனியக்காரிக்குச் சொந்தம்.

இப்போது இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அனிமேஷன் என்றால் அசைகிற சித்திரம். 1989 படம் பெரும்பாலும் கையால் வரைந்து, கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் நிறம் தீட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்த படம். திரையில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடும். ஒரு சித்திரத்தை இரண்டு தரம் பிடித்து, 12 சித்திரங்களோடு ஒரு செக்கனை ஓட்டுவதும் உண்டு. இப்படிச் செய்கிற படத்துக்குள் தற்செயலாக எதுவும் நுழையாது. ஒரு மயிரிழை அசைந்தால் அதை யாரோ இருந்து வரைந்திருக்கிறார்கள்.

லைவ் ஆக்‌ஷன் என்றால் கமெராவுக்கு முன்னால் ஆட்கள் நின்று நடிப்பது. ஆனால் 2023 படத்தில் இது பாதிதான் உண்மை. கடலடிக் காட்சிகளுக்குப் பெரும்பாலும் நடிகர்கள் தண்ணீரில் இறங்கவில்லை. நீலத் திரைக்கு முன்னால் கம்பிகளிலும் சட்டங்களிலும் தொங்கியபடி நீந்துவது போல் நடித்தார்கள். வாலும் தண்ணீரும் மிதக்கும் கூந்தலும் கணினியில் சேர்ந்தவை. 2019இல் வந்த ‘த லயன் கிங்’ ரீமேக்கில் ஒரேயொரு ஷொட்டைத் தவிர எல்லாமே கணினி வேலை, அதையும் லைவ் ஆக்‌ஷன் என்றுதான் பலர் சொன்னார்கள். ஆகவே எந்தக் கருவியால் செய்தார்கள் என்பதைவிட, படம் எங்களிடம் என்ன கேட்கிறது என்பதைப் பாருங்கள். "இது சித்திரம், அப்படியே ஏற்றுக்கொள்" என்கிறதா? "இது உண்மை, நம்பு" என்கிறதா?

கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். கூத்து ஆடுகிற வட்ட அரங்கான வட்டக்களரியில் அரசன் வரவுப் பாட்டோடு ஆடி ஆடி வருகிறான். போருக்குப் போகிறவன் ஏன் ஆடுகிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. மத்தளம் அடித்ததுமே அந்த உலகத்தின் சட்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டோம். அதே கதையை ரெலிநாடகமாக எடுத்து, அரசன் வீட்டு வாசலில் ஆடிக்கொண்டு இறங்கினால், இவருக்கு என்ன நடந்தது என்று கேட்போம். கதையில் ஒரு வரியும் மாறவில்லை, நாங்கள் பார்க்கிற விதம்தான் மாறிவிட்டது. கார்ட்டூனிலிருந்து ரீமேக்குக்கு வருகிற கதைக்கும் இதுவே நடக்கிறது. முன்பு யாரும் கேட்காத கேள்விகளை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ரீமேக்கில் நீங்கள் காணும் மாற்றங்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

நிறத்தைப் பாருங்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே முருகைக்கல் பார்க்கப் போகிறவர்கள் மேற்பரப்பில் மிதந்தபடி குனிந்து பார்த்தால் மீன்களின் நிறமெல்லாம் பளிச்சென்று தெரியும். ஆழம் கூடக் கூட முதலில் சிவப்பு மங்கும், அப்புறம் செம்மஞ்சள், அதற்குப் பிறகு மஞ்சள். சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத் தண்ணீர் சீக்கிரமே விழுங்கிவிடுகிறது. பத்து மீற்றரைத் தாண்டினால் சிவப்புத் துணிகூடக் கருஞ்சாம்பலாகத்தான் தெரியும். நீலம்தான் கடைசிவரை நிற்கும். சங்கு குளிக்கிறவர்களையும் கடலட்டை எடுக்கிற சுழியோடிகளையும் கேட்டுப் பாருங்கள், பௌதிகப் பாடம் படிக்காமலே சொல்வார்கள்.

1989 படத்தின் ஏரியலுக்குச் செக்கச்செவேல் என்ற கூந்தல், பச்சை வால். அவளோடு திரிகிற நண்டு செபஸ்டியனும் சிவப்பு. கடலின் அடியில் அரண்மனை பொன்னாக மின்னுகிறது. இயற்கையில் இது ஒன்றும் நடக்காது, ஆனால் வரைகிறவர் தண்ணீரின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. நிறத்தை அவர் மனநிலைக்காகப் பயன்படுத்துகிறார்: வீடு பொன், சூனியக்காரியின் குகை ஊதா, ஏரியலின் ஆசை சிவப்பு. ரீமேக்கோ உண்மைக் கடல் என்று எங்களை நம்பவைக்கப் பார்க்கிறது. அதனால் பல காட்சிகளில் நீலமும் மங்கலும் வந்துவிட்டன. "படம் இருட்டாக இருக்கு" என்ற குறை இங்கிருந்துதான் வருகிறது. அந்தக் குறையை நானும் ஏற்கிறேன், ஆனால் கவனக்குறைவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். "உண்மைபோல் இருக்க வேண்டும்" என்ற ஒரு முடிவை எடுத்ததும் இருட்டும் கூடவே வந்துவிடுகிறது. பாட்டுக் காட்சிகளில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரே கடல் ஒரு காட்சியில் புறாமலைபோலவும் அடுத்ததில் ஆழ்கடல்போலவும் தெரிவதற்கு அதுவே காரணம்.

அடுத்தது முகம். ரீமேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் கேட்டாள், "மாமா, இந்த மீன் ஏன் சிரிக்குதில்லை?" ஏரியலின் தோழன் ஃபிளவுண்டரைப் பற்றித்தான் கேட்டாள். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. மீனுக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. இமை இல்லை, புருவம் இல்லை, சிரிக்கக் கன்னமும் இல்லை. டச்சுக்குடாவில் வள்ளம் கரைக்கு வரும்போது மீனை அருகில் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். 1989இல் வரைந்தவர்கள் இரண்டு கண்ணையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், மனித வாயை வைத்தார்கள். பயப்படும்போது உடம்பையே சுருக்கினார்கள், மகிழ்ச்சியில் நீட்டினார்கள். இப்படி அழுத்தியும் இழுத்தும் உயிர் கொடுப்பது அனிமேஷனின் அடிப்படை வித்தை. உண்மையான மீனின் உடம்பை அப்படி இழுத்தால் பார்க்கிறவருக்கு அருவருப்பாக இருக்கும். ஆகவே ரீமேக்கின் மீனும் நண்டும் குரலால் மட்டும் நடிக்க வேண்டியதாயிற்று. செபஸ்டியன் தப்பிவிடுகிறது, ஏனென்றால் நண்டின் கண்கள் காம்பில் நின்று ஆடும், கால்களாலும் கொஞ்சம் நடிக்கலாம். ஃபிளவுண்டருக்கு அந்த வசதியும் இல்லை.

பறவை ஸ்கட்டிலின் கதை இன்னும் சுவையானது. கார்ட்டூனில் அது ஒரு கடற்காகம். ஏரியல் மேலே வந்துதான் அதோடு பேசுவாள். ரீமேக்கில் அதைத் தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் வேறு வகைக் கடற்பறவையாக மாற்றிவிட்டார்கள், கடலுக்குள்ளேயே பேச்சு நடக்கிறது. பேசுகிற பறவையை நம்பத் தயாராக இருக்கிற பார்வையாளர், மூழ்க முடியாத பறவை மூழ்குவதை நம்ப மாட்டார் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவோம், எதை நம்ப மாட்டோம் என்ற எல்லைக்கோடு எவ்வளவு விசித்திரமான இடத்தில் ஓடுகிறது, பாருங்கள்! ஒப்பிடுகிறவருக்கு அந்தக் கோடுதான் புதையல்.

‘அண்டர் த சீ’ பாட்டிலும் இதையே காணலாம். கார்ட்டூனில் மீன்களே வாத்தியம் வாசிக்கும், கடலே ஒரு இசைக்குழு. ரீமேக்கில் உயிரினங்கள் உண்மை உருவத்தில் இருப்பதால் வாத்தியத்தைப் பிடிக்கக் கை இல்லை. ஆகவே வாசிப்பை விட்டு நடனத்தை எடுத்தார்கள். கடலாமையும் சொறிமுட்டையும் தங்கள் இயல்பான அசைவிலேயே தாளத்துக்குச் சுழல்கின்றன. எனக்கு இந்த இடம் பிடித்தது. கைவிட வேண்டி வந்ததை நினைத்து ஏங்காமல், அந்த உடம்புகளால் என்ன முடியும் என்று தேடியிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னுமொன்று. 1989இலேயே செபஸ்டியன் கரீபியன் தீவுகளின் உச்சரிப்பில்தான் பேசும், பாட்டும் அந்தத் தீவுகளின் கலிப்சோ சாயலில் அமைந்தது. இசை அலன் மெங்கன், வரிகள் ஹவர்ட் ஆஷ்மன். அது சிறந்த பாட்டுக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. ஆனால் அந்தப் படத்தின் கரையோ ஐரோப்பியக் கரை. ரீமேக் கதையின் நிலத்தையும் கரீபியனுக்கு மாற்றிவிட்டது: சந்தை, பழங்கள், மேளம், பல இன மக்கள். ஏரியலாகக் கறுப்பின நடிகை ஒருவர் நடிக்கிறார் என்று 2019இல் அறிவித்தபோது, "மூலத்தை மாற்றுகிறார்கள்" என்று பலர் கோபித்தார்கள். பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அந்தக் கடல் ஏற்கனவே எங்கே இருந்தது என்று புரிந்திருக்கும். ஹாலி பெய்லியின் குரல்தான் அந்தப் படத்தின் பெரிய செல்வம் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரத்தையும் பாருங்கள். கார்ட்டூன் 83 நிமிடம், ரீமேக் 135 நிமிடம். கையால் வரையும் படத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஃபிரேம்கள், தேவையில்லாத காட்சியை வரைய யாருக்கும் மனம் வராது. அதனால் கார்ட்டூன் இறுக்கமாக இருக்கும். எரிக் அழகன், நல்லவன், அவ்வளவுதான் அவனைப் பற்றித் தெரியும், அது போதும் என்று விட்டுவிட்டார்கள். சித்திர உலகத்தில் கண்டதும் காதல் என்றால் காதல்தான். உண்மையான இரண்டு முகங்களைத் திரையில் பார்க்கும்போது, "இவள் இவனிடம் எதைக் கண்டாள்?" என்று கேட்கத் தோன்றும். ரீமேக்கில் கூடிய நேரத்தின் பெரும்பங்கு இதற்கான பதிலுக்குப் போகிறது. எரிக்குக்கு ஒரு வளர்ப்புத்தாய், அவள்தான் அரசி. தூரதேசத்துப் பொருட்களையும் வரைபடங்களையும் சேர்க்கும் பழக்கம். கடல்மேல் போக வேண்டும் என்ற துடிப்பு, அதைச் சொல்ல ஒரு புதுப் பாட்டு. ஏரியலும் மூழ்கிய கப்பல்களிலிருந்து பொருட்கள் சேர்ப்பவள். இரண்டு பேரும் தங்கள் உலகத்துக்கு அப்பால் பார்க்கிறவர்கள் என்பதால் ஒட்டிக்கொள்கிறார்கள். இது நல்ல சேர்க்கை. கடலரசனுக்கும் உர்சுலாவுக்கும் அண்ணன் தங்கை உறவு வைத்ததால் பெரிதாக எதுவும் கூடவில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஏரியல் ஊமையாகும் பகுதி. கார்ட்டூனில் அவள் கண்ணாலும் கையாலும் முழு உடம்பாலும் பேசுகிறாள். அனிமேஷன் ஊமை நடிப்புக்காகவே பிறந்த கலை, அந்தப் பலத்தை முழுதாகப் பயன்படுத்துகிறது. அவள் பாடுவதைப் பிறகு நாங்களும் கேட்பதில்லை, இழப்பு எங்களுக்கும் உறைக்கிறது. ரீமேக்கில் அவள் கரைக்கு வந்த பிறகும் மனதுக்குள் பாடுகிறாள். ‘ஃபோர் த ஃபர்ஸ்ட் டைம்’ என்ற அந்தப் பாட்டை மெங்கனும் லின்-மனுவேல் மிரண்டாவும் புதிதாக எழுதினார்கள். ஏன் சேர்த்தார்கள் என்று விளங்குகிறது: அப்படிப்பட்ட குரல் கிடைத்த பிறகு, படத்தின் நடுப்பகுதி முழுவதும் அதைப் பூட்டி வைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அவள் கொடுத்த விலையின் பாரம் குறைந்துவிட்டது. குரலைக் கொடுத்துவிட்டாள் என்று கதை சொல்கிறது, குரல் எங்கள் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த இடத்தில் நான் கார்ட்டூனின் பக்கம்.

இன்னொரு வகை மாற்றம் காலத்தால் வருவது. 1989இலிருந்து 2023 வரை 34 வருடம். ஒரு பெண்பிள்ளை, பேச முடியாமல், ஒரு முத்தத்துக்காக மூன்று நாள் காத்திருப்பதைப் பெற்றோர் இன்று வேறு கண்ணால் பார்க்கிறார்கள். அதனால் ரீமேக்கில் முத்தம் வேண்டும் என்பதையே ஏரியல் மறந்துவிடும்படி சூனியக்காரி மந்திரம் வைக்கிறாள். சம்மதம் பற்றிய கவலையால் பழைய பாட்டு வரிகள் சிலவும் மாறின. நோக்கம் நல்லது. ஆனால் தனக்கு எதற்குக் கெடு இருக்கிறது என்று கதாநாயகிக்கே தெரியாமல் போய், பதற்றமெல்லாம் நண்டுக்கும் பறவைக்கும் போய்விட்டது. மறுபக்கம், பெயர் சொல்லும் காட்சியைப் பாருங்கள். கார்ட்டூனில் நண்டு எரிக்கின் காதில் "ஏரியல்" என்று ஊதும். ரீமேக்கில் அவளே வானத்து நட்சத்திரக் கூட்டம் ஒன்றைக் காட்டி, அவன் வாயிலிருந்தே தன் பெயரை வரவைக்கிறாள். சின்ன மாற்றம்தான், அவளுடைய புத்தி முழுவதும் அதில் தெரிகிறது. முடிவிலும் அப்படித்தான்: உர்சுலாவைக் கப்பலால் மோதிக் கொல்வது 1989இல் எரிக், 2023இல் ஏரியல்.

இவ்வளவு நேரமும் கார்ட்டூனை மூலம் என்பதுபோல் பேசிவிட்டோம். அது மூலமில்லை. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இந்தக் கதையை 1837இல் வெளியிட்டார். அதில் ஏரியல் என்ற பெயரே இல்லை, சிவப்புக் கூந்தல் இல்லை, பாடுகிற நண்டும் இல்லை. சூனியக்காரி அவளுடைய நாக்கையே வெட்டி எடுக்கிறாள். கால் கிடைத்த பிறகு ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. அவள் தேடியது இளவரசனை மட்டுமல்ல, கடல்வாசிகளுக்கு இல்லாத அழியாத ஆன்மாவையும்தான். இளவரசன் வேறொருத்தியைக் கல்யாணம் செய்கிறான். அவனைக் கொன்றால் நீ பிழைக்கலாம் என்று தமக்கைகள் தங்கள் கூந்தலை விற்று ஒரு கத்தி வாங்கிக் கொடுக்கிறார்கள். அவள் அதைக் கடலில் எறிந்துவிட்டு நுரையாகிறாள், பிறகு காற்றின் மகள்களில் ஒருத்தியாகிறாள். இதைப் படித்தால், 1989 படமே எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். அதற்குப் பிறகு "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ரீமேக்கை மட்டும் திட்டக் கை வராது. எப்போதும் மூன்றாவதாக அந்தப் பழைய கதையையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு படங்களிலும் இதே கேள்விகள் வேலை செய்யும். ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ 1991இல் 84 நிமிடக் கார்ட்டூன், 2017இல் 129 நிமிட ரீமேக். கதவைத் தட்டிய சூனியக்காரியை விரட்டியதால் ஓர் இளவரசன் சாபம் பெற்று மிருகமாகிறான்; ஒரு மந்திர ரோஜா வாடி உதிர்வதற்குள் அவனும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் நேசித்தால்தான் சாபம் தீரும். கார்ட்டூனில் இளவரசனின் 21 வயதுவரை ரோஜா வாடாது என்கிறார்கள், பத்து வருடமாகச் சாபத்தில் கிடக்கிறோம் என்று வேலைக்காரர்கள் பாடுகிறார்கள். கழித்துப் பார்த்தால், கதவைத் திறந்த பதினொரு வயதுப் பிள்ளைக்கா அந்தச் சாபம்? சித்திரத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ரீமேக் வயதை எடுத்துவிட்டு, வளர்ந்த ஆளையே தொடக்கத்தில் காட்டுகிறது. பக்கத்து ஊர்க்காரருக்கு அரண்மனையைப் பற்றி ஏன் தெரியாது என்பதற்கு, சாபம் அவர்களின் நினைவையும் அழித்தது என்று பதில் சொல்கிறது. லெப்ரான்ஸ் த போமோன் அம்மையார் 1756இல் எழுதிய கதையைத் தேடிப் போனால், பெண்ணின் தகப்பன் ஒரு வியாபாரி. கடலில் கப்பல்களை இழந்து ஏழையானவர். துறைமுகத்துக்காரர்களான எங்களுக்கு மனதில் தைக்கிற அந்தத் தொடக்கத்தை இரண்டு படங்களும் விட்டுவிட்டன.

எழுதத் தொடங்குகிறவர்கள் முழுப் படத்தையும் தூக்க வேண்டாம். ஒரு காட்சி போதும், நான் புயல் காட்சியைத்தான் எடுக்கச் சொல்வேன். முதலில் 1989, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மின்னலின் நிறம், கப்பல் எரியும்போது வானத்துக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள், நாயைக் காப்பாற்ற எரிக் திரும்பி ஓடும்போது அவன் உடம்பு எப்படி வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2023இன் அதே காட்சி, அதுவும் சத்தமில்லாமல். தண்ணீரின் எடை எங்கே கூடத் தெரிகிறது? எரிக்கின் முகம் எத்தனை தரம் அருகில் வருகிறது? ஏரியல் எப்போது எட்டிப் பார்க்கிறாள், முந்தியா பிந்தியா? பிறகு இரண்டையும் சத்தத்தோடு ஒருமுறை. கடைசியாக ஆண்டர்சனின் கதையில் அந்தக் கப்பல் உடைகிற பக்கம். வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது சித்திரம் என்பதால் வந்ததா, உண்மை முகம் என்பதால் வந்ததா, நேரத்தால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று எழுதுங்கள். சிலவற்றுக்கு இரண்டு காரணம் இருக்கும். எதிலும் அடங்காத ஒன்றிரண்டு மிஞ்சினால் அவற்றை அழிக்காதீர்கள். இயக்குநர் தன் விருப்பத்துக்கு எடுத்த முடிவுகள் அவைதான், கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.